அவையும் இரண்டாம் குரலும்: தமிழ் நிகழ்த்து மரபில் கவனச்சிதறலைக் கையாளும் முறைகள்

ஆய்வுச் சுருக்கம்

மேடையில் பேசுவோர் கேட்போரின் கவனத்தை இழப்பதற்கு அவையின் ஆர்வமின்மையே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. தமிழ் நிகழ்த்து மரபு இச்சிக்கலை வேறு வகையில் அணுகியுள்ளது. தெருக்கூத்து, வில்லுப்பாட்டு, கதாகாலட்சேபம் ஆகியவை கவனச்சிதறலை எதிர்பார்த்தே அமைக்கப்பட்ட வடிவங்கள். அவற்றில் முதன்மைக் குரலுக்குத் துணையாக இரண்டாம் குரல் ஒன்று இடம்பெறுகிறது. கேட்டதை மீண்டும் கேட்கச் செய்தல், கேட்போர் சார்பில் வினவுதல், இடையூறுகளை நிகழ்வுக்குள் ஈர்த்துக்கொள்ளுதல் ஆகிய மூன்று பணிகளை அக்குரல் செய்கிறது. ஒருவரே நின்று பேசும் இக்கால மேடையில் அக்குரலுக்குத் தனி ஆள் இல்லை. பேச்சாளரே அதனையும் ஏற்க வேண்டியிருக்கிறது. எழுதிய கட்டுரையை அப்படியே வாசிக்கும் கருத்தரங்க மேடையில் அதுவும் மறைந்துவிடுகிறது. திருக்குறள், நன்னூல் ஆகியவற்றின் கருத்துகளையும் நிகழ்த்துகலைகளின் அமைப்பையும் ஒப்புநோக்கி இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: அவை, கவனச்சிதறல், இரண்டாம் குரல், கட்டியங்காரன், பின்பாட்டு, கூறியது கூறல், வினா, கருத்தரங்கு.

1. முன்னுரை

கருத்தரங்கு ஒன்றின் பிற்பகல் அமர்வு பலரும் அறிந்த காட்சியாகும். ஆய்வாளர் ஒருவர் தம் கட்டுரையைத் தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருப்பார். முன்வரிசையில் ஒருவரது கைப்பேசி ஒலிக்கும். பின்வரிசையில் தேநீர்க் கோப்பைகள் கைமாறும். சிறப்பு விருந்தினர் ஒருவர் உள்ளே வர, அவருக்குப் பொன்னாடை போர்த்துவதற்காக வாசிப்பு நிறுத்தப்படும். மீண்டும் தொடங்கும்போது அமர்வுத் தலைவரிடமிருந்து நேரம் முடிந்ததெனத் துண்டுச்சீட்டு வரும். ஆய்வாளர் எஞ்சிய பக்கங்களை விரைந்து வாசிப்பார். அல்லது அவற்றைத் தள்ளிவிட்டு முடிவுரையை மட்டும் படிப்பார். பல மாத உழைப்பில் கண்டறிந்த முடிவு, அதனைக் கேட்பதற்காகவே கூடிய அவையில் எவர் செவியையும் சென்றடையாமல் போகும்.

இத்தகைய நிலையில் குற்றம் பெரும்பாலும் அவையின்மீதே சுமத்தப்படுகிறது. இளைய தலைமுறைக்குப் பொறுமையில்லை என்றும், கைப்பேசி கவனத்தைக் கெடுத்துவிட்டது என்றும் கூறப்படுகிறது. இக்கூற்றுகளில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும், கைப்பேசி தோன்றுவதற்கு முன்பே விடிய விடிய நடைபெற்ற கூத்துக்களத்தில் அழும் குழந்தைகள் இருந்தன. உறங்குவோரும் பாதியில் வருவோரும் இடையில் எழுந்து செல்வோரும் இருந்தனர். அக்களத்தில் கதை சிதையாமல் நின்றது எவ்வாறு என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

2. திருக்குறள் காட்டும் அவை

திருக்குறளில் சொல்வன்மை (அதிகாரம் 65), அவையறிதல் (அதிகாரம் 72), அவையஞ்சாமை (அதிகாரம் 73) ஆகிய மூன்று அதிகாரங்கள் பேசுதல் பற்றியவை. இவை அமைச்சனை முன்னிறுத்திக் கூறப்பட்டவையாயினும், அவையில் சொல்லும் எவருக்கும் பொருந்துவன.

சொல்லின் இலக்கணத்தை வரையறுக்கும் குறள் (643), கேட்டாரைப் பிணிப்பதையும் கேளாரும் விரும்புமாறு அமைவதையும் ஒருங்கே வற்புறுத்துகிறது. ‘கேட்டார்’, ‘கேளார்’ என்பவற்றைப் பரிமேலழகர் நட்பாய் ஏற்றுக்கொண்டவர், பகையாய் ஏற்றுக்கொள்ளாதவர் என விளக்குவார். சொற்களை அவற்றின் நேர்பொருளிலேயே கொண்டாலும் கருத்து சிறக்கிறது. அவையில் கேட்பவரும் உள்ளனர், கேளாதவரும் உள்ளனர் என்பதை வள்ளுவர் இயல்பாக ஏற்றுக்கொள்கிறார். கேளாதவரை அவர் கடியவில்லை. அவரையும் விரும்பச் செய்யும் கடமையைச் சொல்லின்மீதே சுமத்துகிறார்.

அவையறிதல் அதிகாரத்தின் இரண்டாம் குறள் (712), ‘இடை’ தெரிந்து சொல்ல வேண்டும் என்கிறது. இதனைப் பரிமேலழகர் அவையின் செவ்வியாகக் கொள்வார். அவை எந்நேரமும் ஒரே நிலையில் இருப்பதில்லை. கேட்டற்கு உரிய பதம் வருவதும் போவதும் உண்டு. அந்தப் பதத்தை அறிவதும் பேசுவோனது கல்வியில் அடங்கும் என்பது இதனால் பெறப்படும்.

அதே அதிகாரத்தின் இறுதிக் குறள் (720), தம் இனத்தார் அல்லாத அவையில் பேசுவதை அங்கணத்தில் சிந்திய அமிழ்துக்கு ஒப்பிடுகிறது. அவையைப் பழிக்க விரும்பும் பேச்சாளர்கள் இக்குறளை எடுத்தாள்வதுண்டு. எனினும் அது அவையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உடையவனுக்குக் கூறிய அறிவுரையாகும். விரிவுரையாளருக்கு அவ்வுரிமை இல்லை. எதிரே அமர்ந்திருக்கும் வகுப்பே அவருடைய அவை. எனவே அவருக்கு 720ஆம் குறளைவிட 643ஆம் குறளே நெருக்கமானது எனலாம்.

வள்ளுவர் காட்டும் அவை வாய்மூடி இருக்கும் அவையன்று என்பதும் குறிப்பிடத்தக்கது. அவையில் அஞ்சாது மறுமொழி கொடுத்தற்பொருட்டே அளவை நூல்களைக் கற்க வேண்டும் என்பது அவையஞ்சாமை அதிகாரத்தில் இடம்பெறும் கருத்தாகும் (725). தமிழ்ப் புலமை மரபிலும் ‘தடை’ என்னும் சொல் அவையிலிருந்து எழும் மறுப்பைக் குறித்தது. அதற்கு ‘விடை’ உரியதாயிற்று. கந்தபுராண அரங்கேற்றத்தில் முதற்சொல்லின் புணர்ச்சியிலேயே தடை எழுப்பப்பட்டது என வழங்கும் செய்தி இம்மரபின் இயல்பைக் காட்டும். ஆகவே பழைய அவையில் இரண்டாம் குரல் அவையினிடமிருந்தே எழுந்தது. குறுக்கீடு என்பது அங்கு நிகழ்வின் உறுப்பாக இருந்தது.

3. நூற்குற்றமும் மேடைத்தேவையும்

பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூலின் இயல்பையும் கற்பித்தலின் இயல்பையும் அடுத்தடுத்துக் கூறுகிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கினால் எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு புலனாகும்.

நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’, ‘மற்றொன்று விரித்தல்’, ‘சென்று தேய்ந்து இறுதல்’ ஆகியன இடம்பெறுகின்றன. நூலைப் படிப்பவர் ஐயம் நேர்ந்தால் முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். எனவே கூறியதையே கூறுதல் நூலில் வீணாகும். அவையில் கேட்பவருக்கோ புரட்டிப் பார்க்கப் பக்கம் இல்லை. ஒருமுறை செவி தவறினால் அக்கருத்து அவருக்கு இல்லாமலே போய்விடும்.

இவ்வேறுபாட்டை நன்னூலே உணர்ந்திருக்கிறது. பாடங்கேட்டலைப் பற்றிக் கூறுமிடத்தில், ஒருமுறை கேட்டவன் மீண்டும் ஒருமுறை கேட்டால் பிழை நீங்கும் என்றும், மும்முறை கேட்டால் முறையறிந்து உரைக்க வல்லவனாவான் என்றும் அது குறிப்பிடுகிறது. மேலும், ஆசிரியர் கூறியதை முழுதாக வாங்கிக்கொண்டாலும் மாணாக்கன் பெறும் புலமை காற்கூறே ஆகும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்கிறது. ஒரே குரலை ஒரேமுறை கேட்பதனால் கிட்டுவது மிகக் குறைவு என்பதே இதன் உட்கிடை.

மாணாக்கரின் வகைகளைக் கூறுமிடத்து, கேட்டதை ஒழுகவிடும் இல்லிக்குடத்தையும், ஓரிடத்தில் நின்று மேயாமல் தாவித் தாவிச் செல்லும் ஆட்டையும் நன்னூல் உவமையாக்குகிறது. அவர்களைக் கடைமாணாக்கர் என்று அது வகுத்தாலும், அத்தகையோர் அவையில் இருப்பர் என்பதை மறைக்கவில்லை. கவனச்சிதறல் இக்காலத்துப் புதுநோய் அன்று என்பதற்கு இவ்வுவமைகளே சான்றாகும்.

எழுத்தறிவுப் பண்பாட்டையும் வாய்மொழிப் பண்பாட்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்த வால்டர் ஓங், மீண்டும் மீண்டும் கூறுதலை வாய்மொழிச் சிந்தனையின் இன்றியமையாப் பண்புகளுள் ஒன்றாகக் காட்டுவார். ஆக, கூறியது கூறல் நூலுக்குக் குற்றம், மேடைக்குத் தேவை. ஆனால் ஒரே குரல் ஒரே தொடரை மீண்டும் கூறினால் சலிப்பே மிஞ்சும். அச்சலிப்பு நேராமல் கூறியதைக் கூறுவது எவ்வாறு என்னும் வினாவுக்கு நிகழ்த்துகலைகள் விடை தருகின்றன.

4. நிகழ்த்துகலைகளில் இரண்டாம் குரல்

4.1 தெருக்கூத்து

வடதமிழகத்தில் திரௌபதியம்மன் திருவிழாக்களை ஒட்டி நிகழும் தெருக்கூத்து இரவு தொடங்கி விடியும் வரை நீள்வது. இதில் பாத்திரம் ஏற்றவர் ஒரு பாடலைப் பாடுகிறார். பின்பாட்டுக்காரர்கள் அதனைத் திரும்பப் பாடுகின்றனர். பின்னர் அப்பொருளே வசனமாக விரிக்கப்படுகிறது. ஒரே செய்தி பாட்டாகவும் எதிரொலியாகவும் உரைநடையாகவும் செவியை அடைகிறது. நன்னூல் கூறும் மும்முறைக் கேட்டல் இங்குச் சலிப்பின்றி நிறைவேறுகிறது. பாடலின்போது கண்ணயர்ந்தவரும் வசனத்தில் கதையைப் பிடித்துக்கொள்ள இயலும்.

கட்டியங்காரன் இவ்வமைப்பின் மையம். திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும் அரசனை நோக்கி, அவன் யார், எந்நாட்டவன், எதற்காக வந்தான் என வினவுகிறான். பாத்திரம் செவ்விய நடையில் கூறும் விடையை அன்றாடப் பேச்சுமொழிக்கு மாற்றிக் கேட்போரிடம் சேர்க்கிறான். நன்னூல் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுக்கும். கட்டியங்காரனுடைய வினா தோற்றத்தில் அறியாவினா. உண்மையில் அவன் விடையை முன்னரே அறிந்தவன். அவையில் பலர் கேட்கத் தயங்கும் வினாவை அவர்கள் சார்பில் அறியாதவன்போல் கேட்பதே அவன் பணி. அவன் வினவும்போது அவை விடையை எதிர்நோக்கத் தொடங்குகிறது. அந்த எதிர்நோக்கே கவனமாகிறது.

கூத்தின் நடுவே ஊரார் அளிக்கும் அன்பளிப்பைப் பெயர் சொல்லி அறிவிப்பது, ஊர்ச் செய்தியைத் தொட்டு நகைப்பது ஆகியவையும் கட்டியங்காரனுக்கு உரியன. இவை கதையைக் குலைக்கக்கூடிய இடையூறுகளே. ஆயினும் அவற்றை ஏற்பதற்கென ஒரு பாத்திரம் முன்னரே படைக்கப்பட்டிருப்பதால் அரசனாக நிற்பவர் தம் வேடத்திலிருந்து இறங்க வேண்டியதில்லை. இடையூறு கட்டியங்காரனோடு நின்றுவிடுகிறது.

4.2 வில்லுப்பாட்டு

தென்மாவட்டங்களில் கோயில் கொடை விழாவின்போது நிகழும் வில்லுப்பாட்டின் கட்டமைப்பும் இவ்வகையில் நோக்கத்தக்கது. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழி பாடுதல் என அது அமையும். இவற்றுள் வருபொருள் உரைத்தல், சொல்லவிருக்கும் கதை இன்னதெனத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. கதையின் வழி முன்பே தெரிந்திருப்பதால், இடையில் கவனம் பிறழ்ந்தவரும் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை எளிதில் உணர்ந்துகொள்வர்.

வீசுகோலால் வில்லை இசைத்துப் பாடும் புலவருக்குக் குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றை இசைப்போர் உடன்பாடுவோராகவும் அமைகின்றனர். அவர்கள் ஆமோதிக்கும் ஒலியெழுப்பியும் இடையிடையே வினவியும் கதையை முன்னே தள்ளுகின்றனர். கேட்போர் செய்ய வேண்டிய வினையை மேடையிலிருப்போரே செய்து காட்டுவதாக இதனைக் கொள்ளலாம். அருகில் ஒருவர் ஆர்வத்தோடு கேட்பதைக் காணும் அவை தானும் கேட்கத் தலைப்படுகிறது.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டைக் கோயில் கொடையிலிருந்து பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர். அவரோடு இணைந்து இயங்கிய சுப்பு ஆறுமுகம் (1928–2022) அதனை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உரியதாக்கினார். களமும் பொருளும் மாறியபோதும் உடனிருப்போரின் மறுகுரல் கைவிடப்படவில்லை என்பது அதன் இன்றியமையாமையைக் காட்டுகிறது.

4.3 கதாகாலட்சேபம்

கதாகாலட்சேபத்தில் பாகவதர் கதையை விரித்துச் செல்லும்போது பின்பாட்டுப் பாடுவோர் பாடலைத் தாங்கி நிற்பர். இடையிடையே அவையினரும் இறைநாமத்தைத் திருப்பிச் சொல்வர். சமய நோக்கில் அது வழிபாடு. நிகழ்த்து நோக்கில் அது கவனத்தைத் தொகுக்கும் உத்தி. தாமதமாக வந்தோர் அமர்வதற்கும், அமர்ந்தோர் உடல் தளர்ச்சியை நீக்கிக்கொள்வதற்கும், பாகவதர் அடுத்த பகுதிக்குச் செல்வதற்கும் அதுவே இடைவெளியாக உதவுகிறது. இங்கு இரண்டாம் குரல் அவைக்கே வழங்கப்படுகிறது.

5. ஒற்றைக் குரல் மேடை

ஒருவர் தனித்து நின்று பொதுமக்களை நோக்கித் தொடர்ந்து உரையாற்றும் வடிவம் தமிழில் 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. இதற்கும் சீர்திருத்தக் கிறித்தவ சமயப் பரப்புநர்களின் பிரசங்க மரபுக்கும் உள்ள தொடர்பைத் தமிழ் மேடைப்பேச்சு பற்றிய ஆய்வுகளில் பெர்னார்ட் பேட் எடுத்துக்காட்டியுள்ளார். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலுடன் இணைந்து விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட ஆறுமுக நாவலர், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847இல் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு வழங்கிய ‘நாவலர்’ என்னும் பட்டம், உரையாற்றும் திறனுக்கே உரிய சிறப்பைப் புலப்படுத்துகிறது. 20ஆம் நூற்றாண்டின் அரசியல் மேடை இவ்வடிவத்தை ஊர்தோறும் கொண்டு சென்றது.

இவ்வடிவத்தில் பின்பாட்டு இல்லை, கட்டியங்காரனும் இல்லை. அதனால் கேட்போரின் கவனத்தைக் காக்கும் முழுப்பொறுப்பும் ஒரே குரலின்மீது விழுந்தது. அக்குரலுக்குப் பொருளின் தேவையே பெருந்துணையாக நின்ற தருணங்கள் உண்டு. 1949 செப்டம்பர் 18 அன்று சென்னை இராயபுரம் இராபின்சன் பூங்காவில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடைபெற்றது. கேட்கும் பொருள் தம் வாழ்வோடு தொடர்புடையது என அவை உணர்ந்தால் மழையும் இடையூறாவதில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். எனினும் எல்லாப் பேச்சுக்கும் அத்தகைய தருணம் வாய்ப்பதில்லை. புணர்ச்சி விதியையோ பதிப்பு வரலாற்றையோ விளக்குவோர் கவனத்தை ஈட்டியே பெற வேண்டியவர்கள் ஆவர்.

6. இரண்டாம் குரலை மீட்டெடுத்த மேடைகள்

திருமுருக கிருபானந்த வாரியார் (1906–1993) தம் சொற்பொழிவுகளில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவர்களிடம் வினாக்கள் கேட்பதையும், விடை கூறியோர்க்குப் பரிசளிப்பதையும் வழக்கமாகக் கொண்டிருந்தார். பெரியோர் கூடிய அவையில் ஓசை எழுப்பி இடையூறாகக் கூடியவர்கள் சிறுவர்களே. அவர்களையே விடை கூறுவோராக்கியதன்வழி இடையூறு எழக்கூடிய இடத்திலேயே இரண்டாம் குரலை அவர் நிறுவினார். அவருடைய வினா நன்னூல் கூறும் அறிவினா. சிறுவன் விடை தேடும் அச்சிறு பொழுதில் அவை முழுவதும் தன்னுள் விடை தேடுகிறது.

சொற்பொழிவின் நடுவே சிலர் எழுந்து சென்றபோது, அனுமனுக்குரிய ‘சொல்லின் செல்வர்’ என்னும் தொடரை, நல்லதைச் சொன்னால் எழுந்து செல்பவர் என்னும் பொருள்படப் பிரித்து அவர் நயமாகக் கூறினார் என்றொரு செய்தி வாய்மொழியாக வழங்குகிறது. இதில் மூன்று கூறுகள் உள்ளன. எழுந்து சென்றோரைக் காணாததுபோல் அவர் விடவில்லை. அவர்களைச் சினந்துகொள்ளவும் இல்லை. அந்நிகழ்ச்சியைத் தாம் பேசிக்கொண்டிருந்த இராமாயணச் சூழலுக்குள்ளேயே கொண்டுவந்தார். கட்டியங்காரன் செய்யும் பணியைப் பேச்சாளரே ஏற்றமைக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

பட்டிமன்றம் இரண்டாம் குரலை முறைப்படி அமைத்துக்கொண்ட மற்றொரு மேடை. மணிமேகலையில் இடம்பெறும் ‘பட்டிமண்டபம்’ என்னும் சொல் சமய வாதம் நிகழ்ந்த அரங்கைக் குறிக்கும். 1939இல் தொடங்கப்பெற்ற காரைக்குடிக் கம்பன் கழகமும் குன்றக்குடி அடிகளாரும் (1925–1995) இலக்கியப் பட்டிமன்றத்தின் வளர்ச்சிக்குப் பெருந்துணை புரிந்தனர். இதில் ஒவ்வொரு பேச்சாளருக்கும் எதிரணியினர் இரண்டாம் குரலாகின்றனர். நடுவரோ ஒவ்வோர் உரைக்குப் பின்னும் அதன் சாரத்தைச் சுருக்கிக் கூறி, ஐயவினா ஒன்றை எழுப்பி, அடுத்தவரை அழைக்கிறார். அச்சுருக்கம் கூறியது கூறலே. ஆயினும் வேறொரு வாயிலிருந்து வேறொரு நோக்கில் வருவதால் அது புதிதாகத் தோன்றுகிறது.

7. இரண்டாம் குரலின் எல்லை

இரண்டாம் குரல் எப்போதும் நன்மையே பயக்கும் என்று கருதிவிட இயலாது. கட்டியங்காரனது நகைச்சுவை கதையைவிட நீண்டால் கூத்து நிலை தாழும். பட்டிமன்ற மேடையில் நகைத்துணுக்குகள் பெருகித் தலைப்பு மறைந்துபோவதைக் கேட்போர் அறிவர். வகுப்பறையிலும் மாணாக்கரை விழிக்கச் செய்வதற்காகக் கூறப்படும் துணுக்கு மட்டுமே நினைவில் நின்று பாடம் நினைவில் நில்லாமல் போவதுண்டு. நன்னூல் கூறும் ‘மற்றொன்று விரித்தல்’ இங்கு மேடைக்கும் குற்றமாகிறது.

எனவே ஓர் அளவுகோல் வேண்டப்படுகிறது. இரண்டாம் குரல் விலகிச் சென்ற பின் முதற்குரல் எந்த இடத்திலிருந்து தொடர்கிறது என்பதே அவ்வளவுகோல். விலகலுக்குப் பின் அவை கதைக்குள் முன்னிலும் ஆழமாக நுழைந்திருந்தால் விலகல் பயன்பட்டது. கதை எங்கு நின்றது என்று அவை மறந்துவிட்டால் அவ்விலகலே மற்றொரு கவனச்சிதறலாகும். கட்டியங்காரன் எவ்வளவு நகைத்தாலும் இறுதியில் அரசனை நோக்கியே திரும்புகிறான். பேச்சாளரும் திரும்பி வருவதற்குரிய தொடரை முன்னரே வகுத்துக்கொள்ளாமல் விலகுதல் தகாது.

8. கருத்தரங்க மேடைக்கும் வகுப்பறைக்கும்

மேற்கண்ட செய்திகள் ஆய்வாளர்க்கும் விரிவுரையாளர்க்கும் நேரடியாகப் பயன்படக்கூடியவை. ஆய்வுக்கட்டுரை நூலின் இலக்கணப்படி எழுதப்படுகிறது. அதில் கூறியது கூறல் நீக்கப்பட்டிருக்கும், சான்றுகள் செறிந்திருக்கும். அத்தகைய கட்டுரையை அப்படியே வாசிப்பவர், பக்கத்தைப் புரட்ட இயலாத அவைக்கு நூலின் செறிவை மட்டும் தருகிறார். ஆகவே அச்சுக்குரிய வடிவமும் அவைக்குரிய வடிவமும் வேறாக இருத்தல் வேண்டும். அவைக்குரிய வடிவத்தின் தொடக்கத்தில் வருபொருள் உரைத்தல் போல ஆய்வின் முடிவு ஒரே தொடரில் கூறப்பட வேண்டும். அம்முடிவே நடுவில் சான்றோடும் இறுதியில் பயனோடும் வேறு வேறு சொற்களில் மீண்டும் வருதல் நலம். இடையில் எந்த ஐந்து நிமிடத்தை இழந்தவரும் கருத்தை இழக்கமாட்டார்.

இடையூறுகளை அவற்றின் தன்மைக்கேற்ப மூவகையாகக் கொள்ளலாம். முதலாவது, தானே அடங்கும் இடையூறு: கைப்பேசி ஒலி, இருமல், கதவோசை போன்றவை. இதற்கு ஒரு நொடி அமைதியே போதும். ஓசைக்கு மேல் ஓசை எழுப்பிப் பேசினால் அத்தொடர் வீணாகும். ஒலி எழுப்பியவரைக் கடிந்தால் ஒருவரது தவறு அவை முழுவதற்கும் உரிய காட்சியாகிவிடும். இரண்டாவது, ஈர்த்துக்கொள்ளத்தக்க இடையூறு: விருந்தினர் வருகை, மாணாக்கர் கூட்டமாக உள்ளே வருதல், தேநீர் வழங்குதல் போன்றவை. இவை முடிந்தவுடன் அதுவரை கூறியதை இரண்டு தொடர்களில் தொகுத்துரைத்தல் வேண்டும். வந்தோர்க்கு அது அறிமுகமாகவும் இருந்தோர்க்கு அது இரண்டாம் கேட்டலாகவும் அமையும். மூன்றாவது, விட்டுக்கொடுக்க வேண்டிய இடையூறு: மின்தடை, ஒலிபெருக்கிப் பழுது, நேரக் குறைப்பு போன்றவை. இருபது நிமிட உரையைப் பத்து நிமிடத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கும் முன்னரே சுருக்கி வைத்திருப்பவரை நேரக் குறைப்பு தடுமாறச் செய்யாது. திரைப்படக் காட்சியை மட்டுமே நம்பி வந்தவர் மின்தடையில் பேச்சிழந்து நிற்க, கரும்பலகையில் ஒரு வரைபடத்தை இட்டு விளக்கத் தெரிந்தவர் தொடர்ந்து பேசுவார்.

இரண்டாம் குரலை அமர்வுத் தலைவரே ஏற்கவும் இயலும். தற்போது அவர் பணி பெரும்பாலும் நேரத்தை நினைவூட்டுவதோடு நின்றுவிடுகிறது. பட்டிமன்ற நடுவரைப் போல ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னும் அதன் மையக்கருத்தை ஒரு தொடரில் கூறி, ஒரு வினாவை எழுப்பினால் அடுத்த கட்டுரையாளருக்கு விழிப்புற்ற அவை கிடைக்கும். வகுப்பறையில் இப்பணியை ஒவ்வொரு நாளும் ஒரு மாணாக்கரிடம் ஒப்படைக்கலாம். வகுப்பின் நடுவே அவர் எழுந்து அதுவரை நிகழ்ந்ததைத் தம் சொற்களில் கூறுவார். பிறர்க்கு உரைப்பதால் அரைக்கூறு புலமை நிரம்பும் என்னும் நன்னூலார் கருத்து அதனால் அவருக்கும் பயன் தரும். கடைவரிசையில் ஆட்டைப்போல் அலையும் மனத்தினர்க்கு அப்பொறுப்பை அளிப்பது மேலும் நன்று. வாரியார் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்தமையின் காரணமும் இதுவேயாகும்.

9. முடிவுரை

தமிழ் நிகழ்த்து மரபு கவனச்சிதறலை அவையின் குற்றமாகக் காணவில்லை. அவையின் இயல்பாகவே கண்டது. அவ்வியல்பை எதிர்கொள்ளும் பொறுப்பைத் தனி ஒருவரது குரல்வளத்திடம் மட்டும் ஒப்படைக்காமல், கட்டியங்காரன், பின்பாட்டுக்காரர், உடன்பாடுவோர், நடுவர் எனப் பலரிடம் பகிர்ந்தளித்தது. மீண்டும் கேட்கச் செய்தல், அவை சார்பில் வினவுதல், இடையூறுகளை உள்ளே ஈர்த்தல் ஆகிய மூன்றும் அப்பகிர்வின் பயன்கள். தனித்து நிற்கும் இக்காலப் பேச்சாளர் இம்மூன்றையும் தம் உரைக்குள் அமைத்துக்கொள்ளலாம். அல்லது அமர்வுத் தலைவரோடும் மாணாக்கரோடும் பகிர்ந்துகொள்ளலாம்.

கற்றதை விரித்துரைக்க மாட்டாதாரை மணமற்ற மலர்க்கொத்துக்கு ஒப்பிடுகிறது திருக்குறள் (650). ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு முதல் அன்றாட வகுப்பு வரை கல்விப்புலத்தில் அறிவு பெரும்பாலும் செவிவழியே கடத்தப்படுகிறது. அம்மலரின் மணம் அவையின் கடைவரிசை வரை செல்லுமாறு உரையை அமைத்தல் ஆய்வு முடிந்தபின் மேற்கொள்ளும் ஒப்பனை அன்று. ஆய்வுப் பணியின் இறுதிப் பகுதியே ஆகும்.